மேட்டில் ஆள் தேவையில்லை

என் சித்தப்பா துப்பாக்கியைத் தொட்டதே இல்லை. ஆனால் அவர் சம்பளம் வாங்கியது ராணுவத்தில். ஊரைத் தாண்டி, முள்கம்பி வேலிக்குள் இருந்த பணிமனையில், ஜன்னலோரமாக அவருக்கு ஒரு மேசை. அந்த மேசைக்கு ரேடியோக்கள் வராது. ரேடியோக்களைத் தூரத்தில் இருந்து இயக்குகிற ரிமோட் பெட்டிகள்தான் வரும். தோளில் மாட்டிக்கொண்டு போகலாம் போன்ற பச்சைப் பெட்டிகள், எப்போதும் ஜோடியாக.

நான் பல வருஷம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு, கையில் ஒரு பையோடு அவர் வீட்டில் வந்து இறங்கியபோது, அந்தப் பெட்டி என்ன செய்யும் என்று கேட்டேன். சாப்பாட்டு மேசையில் டம்ளரைக் கவிழ்த்து வைத்தார்.

"இது மேடு. உச்சியில ரேடியோவும் ஏரியலும். உயரத்துல இருந்தாத்தான் தூரம் போய்ப் பேசும். ஆனா எதிராளிக்கும் அது தெரியும். எங்கேருந்து பேசறாங்கன்னு கருவி வச்சுக் கண்டுபிடிச்சு, அங்கேயே குண்டு போடுவான்."

தட்டைத் தள்ளி மேசையின் மறு ஓரத்தில் வைத்தார். "இது கீழே பதுங்குகுழி. கேப்டன் இங்க. ஒரு பெட்டி ரேடியோ பக்கத்துல, இன்னொண்ணு கேப்டன் கையில. நடுவுல ஒயர். கீழே பேசினா மேலே ரேடியோ பேசும். குண்டு விழுந்தா ரேடியோ போகும். ஆள் போகமாட்டான்."

"பெட்டி ரிப்பேர் ஆயிட்டா?"

"அப்ப ரேடியோ பக்கத்துல ஒரு ஆள் உக்காரணும். கேப்டன் கீழேருந்து போன்ல சொல்லுவாரு. இவன் மேல இருந்து ரேடியோவுல சொல்லுவான்."

"போதும், டம்ளரை நிமிர்த்துங்க," என்றாள் சித்தி அடுப்பங்கரையில் இருந்து. அவளுக்கு அந்தப் பேச்சு பிடிக்காது. அப்போதுதான் அவர்களுடைய ஒரே மகன் சிக்னல் பிரிவில் சேர்ந்து எல்லைக்குப் போயிருந்தான். வாசல் நிலையில் இடிக்காமல் உள்ளே வரத் தெரியாத உயரம். அதனால் வீட்டிலும் தெருவிலும் அவன் பெயர் நெட்டை.

சித்தப்பாவின் வேலையில் பாதி, துரு சுரண்டுவது. பெட்டியை இயக்குபவர்கள் வேலை முடிந்ததும் பேட்டரியைக் கழற்ற வேண்டும். யாரும் கழற்றமாட்டார்கள். பேட்டரி கசிந்து உள்ளே பச்சை பூத்து, பித்தளைத் தகடுகளைத் தின்றுவிடும். அதைச் சுரண்டிச் சுரண்டி அவர் நகக்கண்களில் ஒரு பச்சைக் கோடு. "சோப்புக்குப் போகாது, சொன்னாலும் கேட்காது, உங்க சித்தி மாதிரி," என்பார். சித்தி கரண்டியைக் காட்டுவாள்.

மழைக்காலம் தொடங்கும் முன் நெட்டை போன் செய்தான். முகாமில் ஆளுக்குச் சில நிமிஷம்தான் லைன் கிடைக்கும். சித்தியிடம் சாப்பாடு, தூக்கம், சளி எல்லாவற்றுக்கும் நல்ல பதிலாகச் சொல்லிவிட்டு, அப்பாவைக் கூப்பிட்டான். சித்தப்பா போனைக் காதில் அழுத்திக்கொண்டு வாசலுக்குப் போனார். நான் அங்கே செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன்.

"எத்தனை பேரு மேல?" என்று கேட்டார். பிறகு, "நீ மட்டுமா?" போனை வைத்ததும், "சித்திகிட்ட சொல்லாதே," என்றார். அவன் பிரிவில் ரிமோட் பெட்டி ஒன்றுகூட வேலை செய்யவில்லை. ரேடியோ பக்கத்தில் உட்காருவது நெட்டை.

அதற்குப் பிறகு அவர் வீட்டுக்கு நேரத்தில் வருவது நின்றுபோனது. பணிமனையில் உதிரிப் பாகம் கேட்டால் வருஷக் கணக்காக வராது. ஆகவே கழித்துப்போட்ட பெட்டிகளில் ஒன்றிலிருந்து மூடி, ஒன்றிலிருந்து சுவிட்ச், ஒன்றிலிருந்து கேபிள் என்று பிடுங்கி ஒரு ஜோடியைத் தேற்றினார். ரேடியோவில் செருகும் முனையில் ஈரம் புகாமல் இருக்க கிரீஸ் தடவினார். நெட்டையின் பிரிவுக்கு என்று எழுதி, போர்மேனிடம் கெஞ்சிக் கையெழுத்து வாங்கி, லாரியில் ஏற்றியும் விட்டார். அன்று வீட்டுக்கு வந்தவர் சித்தியிடம், "உன் கையால ஒரு டீ குடு," என்றார். அவர் தானாகக் கேட்டு வாங்கிக் குடித்து நான் பார்த்தது அந்த ஒரு டீதான்.

பெட்டி போய்ச் சேர்ந்தது. நெட்டை மட்டும் மேட்டில் இருந்து இறங்கவில்லை. போனில் கேட்டதற்கு, "வந்துச்சாம்பா, எங்க வச்சிருக்காங்கன்னு தெரியல," என்றான்.

எங்கே வைத்திருந்தார்கள் என்பது, அந்த ஜோடி மறுபடி சித்தப்பாவின் மேசைக்கே வந்தபோது தெரிந்தது. கட்டியிருந்த அட்டையில் குறை எழுதியிருந்தார்கள்: மணிச் சத்தம் போதவில்லை. மூடியைத் திருகித் திறந்தால் உள்ளே மாவு. மணியின் மேல் எண்ணெய்ப் பிசுக்கு. ரேடியோவில் செருகும் முனையில் அவர் தடவிய கிரீஸ் விரல் படாமல் அப்படியே இருந்தது.

பெட்டியைக் கொண்டுவந்த லாரி டிரைவர் சிரித்தார். "அது கேப்டன் ரூமுக்கும் கிச்சனுக்கும் நடுவுல இருக்குற செட்டு அண்ணே. டீ வேணும்னா அமுக்குவாரு. சமையல்காரனுக்குக் காது மந்தம், பாவம். அதான் சத்தம் கூட்டித் தரச் சொன்னாரு."

அந்தப் பெட்டிகளில் அப்படியும் ஒரு வசதி இருந்தது. ரேடியோவோடு இணைக்காமல் ஒயரை மட்டும் இழுத்தால், இரண்டும் ஒன்றுக்கொன்று மணியடித்துப் பேசிக்கொள்ளும் சாதாரண டெலிபோன்.

சித்தப்பா போர்மேனிடம் போனார். போர்மேன் நல்ல மனிதர், ஆனால் ஓய்வுக்கு நாள் எண்ணிக்கொண்டிருந்தவர்.

"புகார் எழுதறியா? எழுது. நான் மேல அனுப்பறேன். ஆனா ஒண்ணு யோசிச்சுக்கோ. மேட்டுல இருக்கறது உன் பையன். அவன் தலைக்கு மேல இருக்கறது அந்த கேப்டன். புகார் முதல்ல யார் மேல விழும்?"

"அப்ப என்ன சார் பண்றது?"

"மணியைச் சரி பண்ணு. வேற என்ன பண்றது?"

சித்தப்பா மேசைக்குத் திரும்பினார். கட்டரை எடுத்தார். இரண்டு பெட்டியிலும் மணிக்குப் போகிற ஒயரை, வெளியே தெரியாதபடி உள்பக்கமாக வெட்டினார். ரேடியோ வேலைக்கு அந்த ஒயர் தேவையில்லை. மணி அடிக்காத பெட்டி சமையலறைக்கு உதவாது. சமையலறைக்கு உதவாவிட்டால் மேட்டுக்குத்தான் போக வேண்டும். அவர் கணக்கு அதுதான். கடைசியாகச் சோதித்து முத்திரை குத்துவதும் அவர் பொறுப்பு என்பதால் யாரும் கேட்கவில்லை. பெட்டி அடுத்த லாரியில் போனது.

இவையெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. எனக்குத் தெரிந்தது, அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்த போன்தான். சித்தி ஸ்பீக்கரில் போட்டாள். நெட்டையின் குரலில் ஒரு துள்ளல்.

"அம்மா, பழைய கேப்டன் மாற்றலாகிப் போயிட்டாரு. புதுசா வந்தவரு தங்கம். வந்த அன்னைக்கே, 'மேல எதுக்கு ஆளு? ரிமோட் எங்க?'ன்னு கேட்டாரு. அப்பா பெட்டி அப்பத்தான் லாரியில வந்து இறங்குது! நானே மேலேருந்து கீழ வரைக்கும் ஒயர் இழுத்தேன். முள்ளு, பாறை, கை காலெல்லாம் கிழிஞ்சு போச்சு. இழுத்து மாட்டி மணி அமுக்கினா..." நிறுத்தினான். "அடிக்கவே இல்லம்மா."

"அய்யோ, அப்புறம்?"

"அப்புறம் என்ன. மூடிக்குள்ள ஒரு காகிதம் ஒட்டியிருக்குமே, முதல்ல மணி அடிச்சுப் பாரு, அடிக்கலேன்னா மாட்டாதே, திருப்பி அனுப்புன்னு. கேப்டன் அதைப் படிச்சுட்டு, வேற செட்டு கேட்டு எழுதறேன், அதுவரைக்கும் நீ மேலயே இருந்துக்கோன்னாரு. அப்பா, என்னப்பா இப்படி அனுப்பிட்டீங்க? பசங்க ஓட்டறாங்க!"

சித்தப்பா நாற்காலியில் இருந்து எழுந்தார். "பெட்டி எங்கடா இப்போ?"

"காலையிலேயே லாரியில ஏத்தியாச்சுப்பா."

மறுபடி உட்கார்ந்தார். லைன் முடிந்துபோனது. மேலே என்றால் எங்கே என்று சித்தி கேட்டாள். மாடி மாதிரி ஒரு இடம் என்றார்.

கடைக்குப் போகிற வழியில் நான் விடவில்லை. எதற்கு அப்படி எழுந்தீர்கள் என்று கேட்டேன். பஸ் நிறுத்தத்து பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார், மாவு, கிரீஸ், கட்டர் எல்லாம்.

"மூடியில ஒட்டியிருக்கற அந்தக் காகிதத்தை இருபது வருஷமா தினமும் பாக்கறேன். கிழிஞ்சா நானே புதுசு ஒட்டுவேன். முதல்ல மணின்னு எனக்குத் தெரியாதா? கோபத்துல அந்த கிச்சன் மட்டும்தான் கண்ணுல நின்னுச்சு. மத்ததெல்லாம் மறைஞ்சு போச்சு."

"சித்திகிட்ட சொல்லலையா?"

"உன்கிட்ட சொன்னதே, நீ எப்படியும் பையைத் தூக்கிட்டுக் கிளம்பிடுவேன்னுதான்."

பெட்டி அவர் மேசைக்கு வந்து சேர்ந்ததும் வெட்டிய ஒயரைப் பற்றவைத்தார். அதற்கு ஒரு சிகரெட் பிடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. மணி கணீரென்று அடித்தது. பக்கத்து மேசைக்காரர் காதைப் பொத்திக்கொண்டாராம். ஆனால் அதற்குள் மழை இறங்கிவிட்டது. மலைப்பாதை சரிந்து லாரிகள் நின்றன. பொட்டலம் கட்டிய பெட்டி ஸ்டோர் வாசலிலேயே கிடந்தது. சித்தப்பா தினமும் காலையில் முதல் வேலையாக அங்கே போய்ப் பார்ப்பார். ஸ்டோர்காரர் ஒருநாள் கடுப்பாகி, "ஏன்யா, அதென்ன குட்டி போடுமா?" என்று கேட்டிருக்கிறார். அவர் அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் ஷீட்டைப் போர்த்திவிட்டு வந்தார்.

பாதை சரியாவதற்குள் மேட்டில் குண்டு விழுந்தது.

நெட்டை சாகவில்லை. அதிகாரி ஒருவர் வீட்டுக்கு வந்து, உங்கள் மகன் அதிர்ஷ்டசாலி என்று சொல்லிவிட்டுப் போனார். ரேடியோ தூளாகிவிட்டது, அவனை மண்ணுக்குள் இருந்து தோண்டி எடுத்தார்கள். கை கால் எல்லாம் இருந்தன. ராணுவ ஆஸ்பத்திரியில் சித்தி அவன் பெயரைச் சொல்லி அழுதபோது அவன் அவள் வாயையே பார்த்தான். இரண்டு காதும் போய்விட்டன. கருவி வைத்தாலும் கேட்காது என்று டாக்டர் சொன்னார். நம்பிக்கை கொடுத்துப் பேசுகிற வழக்கம் அவரிடம் இல்லை.

பாதை திறந்ததும் பெட்டி போய்ச் சேர்ந்தது. புது கேப்டன் புது ரேடியோவோடு அதை மாட்டினார். லாரி டிரைவர்தான் வந்து சொன்னார்: "இப்ப மேட்டுல ஆளே கிடையாதுண்ணே. நல்லா வேலை செய்யுது உங்க பெட்டி." சித்தப்பா, "நல்லது," என்றார். பேட்டரியை மறக்காமல் கழற்றி வைக்கச் சொன்னார்.

நெட்டையைப் பணியில் இருந்து விடுவித்து அனுப்பிவிட்டார்கள். தன் குரல் தனக்குக் கேட்காததால் இப்போது அவன் பேசினால் தெருமுனை வரை கேட்கும். பகலெல்லாம் ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருப்பான். யாராவது வந்துவிட்டால் மட்டும் உயிர் வந்துவிடும். நான் பார்த்த ஊர்களைப் பற்றிக் கேட்பான். நான் எழுதிக் காட்டுவேன். பாதி படிப்பதற்குள் சலித்துப்போய்க் காகிதத்தைத் திருப்பித் தருவான். நான் கிளம்பவேண்டும் என்று வைத்திருந்த நாள் கடந்துபோனது. அடுத்த நாளும் கடந்தது.

போன வாரம் எதிர்வீட்டு டெய்லர் அவனைப் பார்க்க வந்தார். சித்தப்பா மூலையில் நாற்காலியில் இருந்தார். நெட்டை வழக்கமான கதையைத் தொடங்கினான்.

"மாமா, கேளுங்க!" என்று கத்தினான். "ஊருக்கெல்லாம் பெட்டி ரிப்பேர் பண்றவரு எங்கப்பா! சொந்தப் பையனுக்கு அனுப்பின பெட்டி ஊமை! மணியே அடிக்கல!"

டெய்லர் சங்கடமாகச் சிரித்தார். ஏதாவது பேசவேண்டுமே என்று சித்தப்பா பக்கம் திரும்பினார். "நிஜமாவா? ஏன் அடிக்கல?"

நான் சித்தப்பாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"ஒயர் எங்கயாவது விட்டுப் போயிருக்கும்," என்றார்.

"அப்பா என்ன சொல்றாரு?" என்று நெட்டை கத்தினான். டெய்லருக்குக் கை ஜாடை சுலபமாக வரும். ஒரு நூலை நீளமாக இழுப்பது போல இழுத்து, நடுவில் பட்டென்று அறுத்துக் காட்டினார்.

நெட்டையின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. "ஒயரா?" என்றான். முதல்முறையாக அவன் குரல் தணிந்திருந்தது, அது அவனுக்குத் தெரிந்திருக்காது. "ஒயர் நான்தானே இழுத்தேன். ஒவ்வொரு அடியும் தடவித் தடவிப் பாத்துத்தான் இழுத்தேன்." தன் கைகளைத் திருப்பிப் பார்த்தான். "அந்தப் பாறைகிட்ட உரசியிருக்கும் போல. அப்ப என் தப்புதான்."

சித்தி வந்து அவன் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டு, "என்னடா தப்பு, ஒண்ணும் தப்பில்ல," என்று கேட்காத காதில் திரும்பத் திரும்பச் சொன்னாள். டெய்லர், கடையைத் திறந்து போட்டுவிட்டு வந்ததாகச் சொல்லி எழுந்துகொண்டார்.

சித்தப்பா வாய் திறக்கவில்லை.