அன்புக்கரசி வாங்கிய கொக்கு

“ஏனுங்க, அந்த ஃபேனைச் சித்தெ நிறுத்திப்போடுங்க.”

எங்கே போனாலும் அன்புக்கரசியின் முதல் வார்த்தை இதுதான். வணக்கம், சௌக்கியமா எல்லாம் ஃபேன் நின்ற பிறகுதான். காந்திபுரத்தில் அமீர் ஹம்சா பாயின் கம்ப்யூட்டர் கடையிலும் அப்படியே. பாய் எழுந்துபோய் சுவிட்சைத் தட்டினார். றெக்கை நிற்கும்வரை காத்திருந்தவள், மஞ்சப்பையிலிருந்து ஒரு காகிதக் கட்டை எடுத்துக் கண்ணாடி மேசைமேல் பரப்பினாள். நாலாக மடித்து, மடிப்பிலேயே கிழிந்து, டேப் ஒட்டி, அந்த டேப்பும் பழுப்பேறிப் பிசுபிசுத்துப்போன முத்திரைத்தாள். லேமினேஷன் செய்த பழைய ரேஷன் கார்டு. மை மங்கிய கார்பன் நகல். எல்லாம் அவள் வீட்டுப் பரணில் பொறுக்கியவை. மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று கையடக்க ஸ்கேனர்களைப் பாய் வரிசையாக எடுத்து வைத்திருந்தார்.

“இத்தனையும் முழுங்கிப்போட்டு, முழுசா வெளிய துப்போணுமுங்க பாய். அந்த மெஷினுதான் எனக்கு வேணும்,” என்றாள். கண்ணில் அப்படி ஒரு பளபளப்பு. நகைக்கடையில்கூட நான் அவளை இப்படிப் பார்த்ததில்லை.

அன்புக்கரசி கருமத்தம்பட்டியில் எனக்கு அடுத்த தெரு. தொழில், பத்திரம் நகல் எடுப்பது. வங்கிக் கடனுக்குச் சொத்துப் பத்திரங்களைச் சரிபார்த்துக் கொடுக்கும் வக்கீலம்மா ஒருவர் கோயமுத்தூரில் இருக்கிறார். அவருக்காக அன்னூர், அவினாசி, சோமனூர் என்று வீடு வீடாகப் போய் மூலப் பத்திரங்களைப் படியெடுத்து அனுப்ப வேண்டும். கேட்கச் சுலபமாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் பக்கத்து ஆட்கள் கேட்டால் தோட்டத்தில் இளநீர் வெட்டித் தருவார்கள், சாப்பிடாமல் விடமாட்டார்கள், பத்திரத்தை மட்டும் வீட்டை விட்டு வெளியே அனுப்ப மாட்டார்கள். அனுப்பினாலும் கூடவே ஒரு ஆள் வரும். அவளுடைய ஸ்கூட்டியின் பின்சீட்டில், பத்திரத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஜெராக்ஸ் கடைவரை. ஒரு வீட்டில் மூன்று அண்ணன் தம்பிகள். பத்திரத்தோடு யார் போவது என்று தீராமல் ஒருவர் பின்சீட்டிலும் மற்ற இருவர் பின்னாலேயே பைக்கிலும் வந்திருக்கிறார்கள். ஜெராக்ஸ் மெஷின் மூடியை மூன்று பேரும் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்களாம்.

செவ்வாய், வெள்ளி என்றால் அதுவும் கிடையாது. அன்றைக்குப் பத்திரம் வாசப்படி தாண்டாது. இதை நினைத்து அன்புக்கரசி சிரித்துச் சிரித்துச் சொல்வாள்: “மகாலட்சுமி பின்சீட்டுல ஏறிப் போயிருவாளாமுங்க. ஹெல்மெட் போட்டுக் கூட்டிட்டுப் போறேன்னாலும் உட மாட்டேங்கறாங்க.” அவளுக்கு இன்னொரு பரம விரோதி மஞ்சள். பூஜை போடும்போதெல்லாம் பத்திரத்துக்கும் சேர்த்துப் பூசுகிறார்கள். “மஞ்சளைச் சாமிக்குப் பூசுங்க, ஆருங்க வேண்டாங்கறா? சர்வே நம்பருக்குப் பூசாதீங்க!” என்று அவள் போகாத வீடில்லை, கத்தாத வீடில்லை.

அதனால் வீட்டிலேயே வைத்துச் செல்போனில் படமெடுத்து அனுப்பிக்கொண்டிருந்தாள். அதில் நிழல் விழுந்தது. ஓரம் வளைந்தது. போன மாதம் வக்கீலம்மா கூப்பிட்டு, “அன்பு, சொத்தோட நாலு எல்லையைக் கேட்டா உன் கட்டைவிரலை அனுப்பியிருக்கே” என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார் என்று நினைத்தால், இல்லை. இன்னொரு முறை மங்கலாக வந்தால் வேறு ஆள் பார்த்துக்கொள்வதாக அடுத்த வாக்கியத்திலேயே சொல்லிவிட்டார். இவளுக்கு இருப்பது அந்த ஒரு வக்கீலம்மாதான். அன்று ராத்திரியே என் வீட்டுக் கதவைத் தட்டி, “அக்கா, நீங்கதான் எழுதறவீங்களாச்சே. நெட்டுல இந்த ஸ்கேனரைப் பத்தி அவனவன் என்ன எழுதியிருக்கறான்னு படிச்சுச் சொல்லுங்க,” என்று உட்கார்ந்துவிட்டாள். படித்தேன். ஒருவன் பிரமாதம் என்றதை இன்னொருவன் தண்டம் என்று எழுதியிருந்தான். கடைசியில் நேரில் பார்த்துவிடுவது என்று இங்கே வந்திருக்கிறோம்.

முதல் ஸ்கேனர் காகிதத்தின்மேல் கையால் உருட்டுகிற ரகம். உருட்டிப் பார்த்தாள். எழுத்தெல்லாம் கோணலாக வந்தது. “கோலத்துலயே என்ற கோடு நேரா வராதுங்க பாய். இது அக்கட்டால போகட்டும்.” இரண்டாவது ஒரு அடிக்கோல் நீளம். காகிதத்தை ஒரு வாயில் நுழைத்தால் மறுபக்கம் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். கிழிசல் முத்திரைத்தாளை நுழைத்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முழுசாக வெளியே வந்தது. “அக்கா! துப்பிப்போட்டுது பாருங்க!” என்று என் தோளில் ஓங்கி ஒரு அடி. நான் தோளைத் தேய்த்துக்கொண்டேன்.

மூன்றாவதை அவளுக்குப் பிடிக்கவே இல்லை. மடக்கினால் பைக்குள் அடங்கும். விரித்தால் மேசை விளக்குபோல நிமிர்ந்து, மேலேயிருந்து கேமரா குனிந்து பார்க்கும். “என்னங்க இது, கொக்காட்ட நிக்குது?”

“தைச்ச கட்டு, தடிப் புஸ்தகம்னா இதாம்மா தோது,” என்றார் பாய்.

“கரண்ட்டுக்கு?”

“லேப்டாப்புலயே ஓடும். லைட்டும் அதிலயே எரியும்.”

அது ஒன்று மட்டும் அவளுக்குப் பிடித்தது. பாதி வீடுகளில் பீரோவுக்குப் பின்னால்தான் பிளக் இருக்கும் என்பது அவளுடைய நெடுநாள் புலம்பல். ஆனாலும் மனசு அடிக்கோலிலேயே நின்றது. கையிலிருந்த பணம் ஒன்றுக்குத்தான் காணும். எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். பாய்க்கே சிரிப்பு வந்துவிட்டது. “ரெண்டையும் எடுத்துட்டுப் போய் இன்னிக்கு வேலையைப் பாத்துட்டு, சாயங்காலம் ஒண்ணைக் கொண்டாங்க. ஊர்ல ஊட்டுப் பத்திரத்தையே உங்களை நம்பிக் காட்டறாங்க. நான் மெஷினைத் தர மாட்டேனா?”

அன்று வெள்ளிக்கிழமை. சோமனூரில் விசைத்தறி வைத்திருக்கும் காளிச்சாமியின் பத்திரம் மாலைக்குள் வக்கீலம்மாவுக்குப் போயாக வேண்டும். பின்சீட்டில் நான், தோளில் அவளுடைய லேப்டாப் பை, மடியில் இரண்டு ஸ்கேனர்கள். வழியெல்லாம் அவள் வாய் ஓயவில்லை. “அடிக்கோலுதானுங்க்கா. பத்து நிமிஷத்துல முடிச்சுப்போட்டு வந்தரலாம்.”

காளிச்சாமி வீட்டு ஃபேனும் நின்றது. அவர் மனைவி நஞ்சம்மாள் கைகால் கழுவிவிட்டு வந்து, சாமி அலமாரியிலிருந்து பத்திரத்தை எடுத்து வந்தார். அதைப் பார்த்ததும் அன்புக்கரசியின் முகம் சுண்டிவிட்டது. தாய்ப்பத்திரம் முதல் வரி ரசீதுவரை எல்லாவற்றையும் சேர்த்து, தறியில் ஓடும் பாவு நூலால் இறுக்கித் தைத்த கட்டு. மூன்றாம் பக்கத்து மூலையில் அப்பிய மஞ்சள் வேறு.

“அம்மணி, நூலைப் பிரிச்சாத்தானுங்க ஒவ்வொரு தாளா உட முடியும்…”

நஞ்சம்மாள் பத்திரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “தறிக்காரவிய ஊட்டுல வெள்ளிக்கெழமை நூலை அறுக்கறதுங்களா? ஓடறப்ப தானா அறுந்தாலே எங்களுக்கு மனசு கெட்டுப்போகுமுங்க.”

அடிக்கோல் பைக்குள் போனது. கொக்கு வெளியே வந்தது. கட்டைப் பிரிக்காமலே பக்கம் பக்கமாகப் புரட்டிக் கொக்கின் காலடியில் வைத்தாள். லேப்டாப்பில் பார்த்தால் எழுத்தெல்லாம் இரட்டை இரட்டையாகத் தெரிந்தது. மறுபடி எடுத்தாள். அதே மங்கல். சுவருக்கு அந்தப் பக்கம் தறிக்குடோன். டடக் டடக்கென்று தறிகள் அடிக்க, இங்கே மேசையில் காபி டம்ளர் தானாக நகர்ந்தது. கொக்கின் கழுத்து நடுங்கிக்கொண்டே இருந்தது.

மேசையிலிருந்து தரைக்கு மாற்றினாள். தரையும் அதிர்ந்தது. காடாத் துணி மடிப்புகளை அடுக்கி அதன்மேல் பலகையைப் போட்டு வைத்துப் பார்த்தாள். கொஞ்சம் தேவலை, அவ்வளவுதான். சர்வே நம்பர் மூன்றா எட்டா என்று எனக்கும் தெரியவில்லை. நெற்றியில் வேர்வை வழிந்தது. தாள் படபடக்கும் என்பதால் ஃபேனைப் போடவும் முடியாது.

“தறியைச் சித்தெ நிறுத்தச் சொல்லலாமே?” என்று காதில் கிசுகிசுத்தேன்.

“ஃபேனுன்னா கேப்பேனுங்க்கா. ஓடற தறியை நிறுத்துங்கன்னு எப்படிங்க வாயெடுத்துக் கேக்கறது? அது சோறுங்க.” காலையில் கடையில் துள்ளியவள் இவள்தானா என்று இருந்தது எனக்கு. மணி நாலைத் தாண்டியிருந்தது.

அதுவரை கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்த காளிச்சாமி குடோனுக்குள் போனார். டடக் டடக் ஓசை தடுமாறி, இழுத்து, நின்றது. அவர் மெயின் சுவிட்சையே இறக்கிவிட்டிருக்கிறார். நடுக்கூடத்து ட்யூப்லைட்டும் அணைந்தது. தறி ஓட்டுகிறவர்கள் வெளியே தலையை நீட்டி, “கரண்ட் போச்சுங்களா?” என்று கேட்டார்கள்.

“போச்சு, போச்சு. டீ குடிச்சுப்போட்டு வாங்க,” என்றவர் உள்ளே வந்து, “மாசத்துல எத்தனையோ நாளு போகுது. இன்னிக்கும் போச்சுன்னு வெச்சுக்கறேனுங்க. எடுங்க அம்மணி!” என்றார்.

அரையிருட்டில் கொக்கின் விளக்கு மட்டும் பளிச்சென்று எரிந்தது. கழுத்து அசையாமல் நின்றது. நஞ்சம்மாள் பக்கம் புரட்ட, அன்புக்கரசி பொத்தானை அழுத்த, நான் எதற்கென்று தெரியாமல் லேப்டாப்பின் மூடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒவ்வொரு பக்கமும் கண்ணாடிபோல விழுந்தது. கடைசிப் பக்கம் முடிந்ததும், “ஆச்சுங்க! ஓட உடுங்க, ஓட உடுங்க!” என்று கத்தினாள். தறிகள் மறுபடி அடித்தன.

அனுப்பிவிட்டு, சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டே போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். வக்கீலம்மா கூப்பிட்டார். தறிச் சத்தத்தில் கேட்பதற்காக ஸ்பீக்கரில் போட்டாள். “அன்பு, எதுல எடுத்தே? மஞ்சளுக்கு அடியில இருக்கிற சர்வே நம்பர்கூடத் தெரியுது. இனிமே எல்லாம் இதிலயே எடுத்து அனுப்பு.” நஞ்சம்மாள் தன் வீட்டுக்கே ஏதோ பரிசு விழுந்ததுபோல வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார். அன்புக்கரசி என்னைக் கட்டிக்கொண்டாள். இந்த முறை என் தோள் வலிக்கவில்லை.

பத்திரத்தைச் சாமி அலமாரியில் திரும்ப வைத்து, கிண்ணத்தில் மஞ்சளைக் குழைத்து அதற்குப் பொட்டு வைத்தார் நஞ்சம்மாள். வழக்கமான கத்தலுக்காக நான் காத்திருந்தேன். அதற்குள், அவள் போட்டிருந்த மெசேஜைப் பார்த்துவிட்டுப் பாய் போன் செய்தார்.

“கொக்குதானே முடிவாச்சு? கையில இருக்கறது கடைக்கு வர்றவங்களுக்குக் காட்டற பீஸும்மா. அதைக் கொண்டாங்க, புதுசாப் பெட்டி பிரிச்சுத் தாரேன்.”

“இதே இருக்கட்டுங்க பாய். அடிக்கோலை மட்டும் கொண்டாறேன்.” போனைத் தோளுக்கும் காதுக்கும் இடையே இடுக்கிக்கொண்டாள். “இன்னிக்கு வெள்ளிக்கெழமையில்லீங்களா? இதைக் கையை உட்டுத் தர மாட்டேனுங்க.”

பேசிக்கொண்டே நஞ்சம்மாளின் கிண்ணத்தில் மோதிர விரலைத் தொட்டு, கொக்கைச் சாய்த்து, எழுத்து எதுவும் மறையாத இடமாகத் தேடி, அதன் பாதத்தில் மஞ்சள் பொட்டொன்று வைத்தாள்.