சிவப்பு நட்சத்திரம் போட்ட இடம்

ஆறாம் வகுப்பில் எனக்கு ஒரு விசிலும் ஒரு பேட்ஜும் கிடைத்தன. அதற்குப் பிறகு கொஞ்ச நாள் என்னோடு ஒரே வீட்டில் இருப்பது மற்றவர்களுக்குச் சிரமமாகத்தான் இருந்திருக்கும்.

பேட்ஜில் 'தகவல் குழு' என்று எழுதியிருந்தது. பள்ளியில் பேரிடர் பாதுகாப்பு வாரம் நடத்தினார்கள். முதலுதவிக் குழு, மீட்புக் குழு, தகவல் குழு என்று எங்களைப் பிரித்தார்கள். தகவல் குழுவுக்கு மட்டும்தான் விசில். ஆபத்து வந்தால் எல்லோரையும் எச்சரித்துவிட்டு, கூடும் இடத்துக்கு முதலில் போய், எங்கள் வீட்டில் இத்தனை பேர், எல்லோரும் பத்திரம் என்று பெரியவர்களிடம் சொல்ல வேண்டும். இதுதான் எங்கள் வேலை. இதைவிட எனக்குப் பொருத்தமான வேலையை யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது. கேட்காமலே தகவல் சொல்லும் பழக்கம் எனக்கு ஏற்கெனவே இருந்தது.

பாடம் நடத்திய டீச்சர் தினமும் வந்தவாசியிலிருந்து பஸ்ஸில் வருபவர். நல்லவர், வேகமானவர். ஒரு வாரம் நடத்த வேண்டியதை, பரீட்சை நெருங்கிவிட்டதால், ஒரே மத்தியானத்தில் முடித்தார். நிலநடுக்கம் வந்தால் கனமான மரச்சாமானுக்கு அடியில் ஒடுங்கிக்கொள்ள வேண்டும். தீப்பிடித்தால் புகை மேலே போகும், ஆகவே தாழ்வாகத் தவழ வேண்டும். இடி மின்னலின்போது மரத்தடியில் நிற்கக் கூடாது, பள்ளமான இடத்தில் குந்திக்கொள்ள வேண்டும். புயலென்றால் ஜன்னல் பக்கம் போகக் கூடாது. ஒவ்வொன்றையும் செய்து வேறு காட்டினோம். வெள்ளத்துக்கு வரும்போது கடைசி மணி அடித்துவிட்டது. வெள்ளம் வந்தால் மேடான இடத்துக்குப் போக வேண்டும் என்று அவர் சொல்லத்தான் சொன்னார். நான் அப்போது நிலநடுக்கத்துக்காக நுழைந்த மேஜைக்கு அடியிலிருந்து இன்னும் வெளியே வரவில்லை.

வீட்டுப்பாடம் ஒன்று கொடுத்தார். அவரவர் வீட்டின் படத்தை வரைந்து, அதில் எது மிகப் பத்திரமான இடமோ அங்கே சிவப்பு நட்சத்திரம் போட வேண்டும்.

நான் இரண்டு நாள் யோசித்தேன். எங்கள் வீடு நீளமான ஒரு கூடம், பின்னால் ஒரு சமையலறை. கூடத்தில் பாதியை அப்பாவின் தறி அடைத்துக்கொண்டிருந்தது. அது குழித்தறி. தரையில் வெட்டிய குழிக்குள் காலைத் தொங்கவிட்டு, விளிம்பில் போட்ட பலகையில் உட்கார்ந்து, உள்ளே இருக்கும் மிதிகளை மிதித்து நெய்ய வேண்டும். குழிக்கு மேலே கனமான மரச்சட்டங்கள், அதற்கும் மேலே டிசைன் போடும் ஜக்கார்டு பெட்டி, நடுவில் கூடத்தின் அந்தக் கோடி வரைக்கும் நீளவாக்கில் விறைப்பாக இழுத்துக் கட்டிய பட்டு இழைகள், அதாவது பாவு. ஊரில் பட்டு நெய்யும் வீடுகளில் இதெல்லாம் எப்போதும் இருப்பதாலேயே கண்ணில் படாத சாமான். எனக்கு அன்றுதான் கண்ணில் பட்டது. கனமான மரமா, இருக்கிறது. தாழ்வான இடமா, இருக்கிறது. பள்ளமா, அதுவும் இருக்கிறது. பக்கத்தில் ஜன்னல் இல்லை. டீச்சர் சொன்ன அத்தனை ஆபத்துக்கும் ஒரே இடத்தில் விடை கிடைத்ததில் எனக்குத் தலைகால் புரியவில்லை. குழிக்குள் பெரிதாக ஒரு நட்சத்திரம் போட்டேன்.

டீச்சர் படத்தில் 'தறி' என்று எழுதிய கட்டத்தைப் பார்த்தார், அதற்குள் இருந்த நட்சத்திரத்தைப் பார்த்தார். 'மிக நன்று' என்று எழுதி டிக் அடித்தார். அவர் தறியைக் கிட்டத்தில் பார்த்திருக்க மாட்டார் என்று இப்போது தோன்றுகிறது.

தம்பிக்கு அப்போது நான்கு வயது. நான் சொன்னதையெல்லாம் நம்புவதற்கென்றே பிறந்தவன். அப்பா சாப்பிட எழுந்திருக்கும் நேரங்களில் அவனுக்குப் பயிற்சி கொடுத்தேன். ஒரு விசில் அடித்தால் குழிக்குள் இறங்கிப் பாவுக்கு அடியில் உட்கார வேண்டும். இரண்டு விசில் அடித்தால்தான் வெளியே வர வேண்டும். யார் கூப்பிட்டாலும் விசில் இல்லாமல் வரக் கூடாது. சரியாகச் செய்தால் ஒரு பிடி பொட்டுக்கடலை. மூன்றே நாளில் தேறிவிட்டான்.

அந்தக் கார்த்திகையில் மழை பிடித்தது, விடவே இல்லை. மூன்றாம் நாள் காலை அப்பா தறியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் நெய்தார். "காலு ஜில்லுங்குது" என்று எழுந்தார். குழிக்குள் சாக்கு ஒன்றை மடித்துப் போட்டுவிட்டு மறுபடி உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார். சொம்பால் தண்ணீரை மொண்டு வெளியே ஊற்றினார். எங்கள் தெருவில் மழையை வானத்தைப் பார்த்து அளக்க மாட்டார்கள், காலை வைத்துத்தான் அளப்பார்கள். தெருவில் தண்ணீர் நிற்பதற்கு முன்பே குழியின் மண் வியர்க்கும், அடியில் மினுமினுக்கும், பிறகு ஊறிக்கொண்டே இருக்கும். பிறந்ததிலிருந்து இதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் இது ஈரம். பாடப்புத்தகத்தில் இருந்தது வெள்ளம். அதில் கூரை மேல் ஆட்கள் நின்றார்கள், மேலே ஹெலிகாப்டர் பறந்தது. இரண்டும் ஒரே தண்ணீர் என்று எனக்குத் தெரியவில்லை.

அப்பா, ஈரம் பட்டுவிடக் கூடாதென்று நெய்து முடித்த சேலையை பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு முதலாளி வீட்டுக்குப் போனார். கரண்டும் இல்லை. கொஞ்ச நேரத்தில் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ தெருவில் வந்தது. ஏரி நிரம்பிவிட்டது, தாழ்வான தெருக்காரர்கள் எல்லோரும் உடனே பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட வேண்டும் என்றது.

அம்மா சமையலறையில் அரிசி மூட்டையோடு போராடிக்கொண்டிருந்தாள். "நீ தம்பிய கூட்டிகினு ஸ்கூலுக்குப் போ. நா இதெல்லாம் பரண்ல ஏத்திட்டு பின்னாடியே வரேன். ஜல்தி" என்றாள்.

எனக்கு ஒரு கணம் குழப்பமாக இருந்தது. அம்மா சொல்வது ஒன்று, டீச்சர் டிக் அடித்தது வேறொன்று. ஆபத்தில் பதற்றப்படுகிறவர்கள் தவறாகத்தான் சொல்வார்கள், திட்டத்தைவிட்டு விலகக் கூடாது என்றும் டீச்சர் சொல்லியிருந்தார். அம்மா பதற்றமாகத்தான் இருந்தாள். நான் கூடத்துக்கு வந்து ஒரு விசில் அடித்தேன்.

தம்பி ஓடிவந்து குழிக்குள் இறங்கினான். தண்ணீர் அவன் கணுக்காலுக்குக் கீழேதான் இருந்தது. "ஜில்லுனு கீதுக்கா" என்றான். கொஞ்ச நேரம்தான் என்று சொல்லி அவனை இன்னும் உள்ளே, பாவுக்கு அடியில் தள்ளி உட்கார வைத்தேன். பொட்டுக்கடலையை முன்னாலேயே கையில் கொடுத்தேன். பிறகு பேட்ஜைக் குத்திக்கொண்டு, தகவல் சொல்வதற்காகப் பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன்.

பள்ளிக்கூட வாசலில் ஒரு ஆபீஸ்காரர் மேஜை போட்டுப் பெயர் எழுதிக்கொண்டிருந்தார். என் பேட்ஜைப் பார்த்துச் சிரித்தார். "வூட்ல எத்தினி பேரும்மா?" என்று கேட்டார்.

"நாலு பேர் சார். எல்லாரும் பத்திரம்."

அவரும் ஒரு டிக் அடித்தார். அந்த வாரத்தில் நான் வாங்கிய இரண்டாவது டிக் அது.

வெகுநேரம் கழித்து அம்மா தலையில் மூட்டையோடு வந்தாள். கும்பலுக்கு அந்தப் பக்கத்திலிருந்தே தம்பி எங்கடி என்று கேட்டாள். "பத்திரமா கீறான்மா" என்றேன். அடுத்த அறையில் தெருப் பிள்ளைகளெல்லாம் கத்திக்கொண்டு விளையாடினார்கள். அம்மா அந்தப் பக்கம் பார்த்துத் தலையாட்டிவிட்டு மூட்டையை இறக்கினாள். பொய் எதுவும் நான் சொல்லவில்லை. இன்றைக்கு யோசித்தாலும் அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

எலுமிச்சை சாதம் கொடுத்தார்கள். பாதி சாப்பிடும்போது அப்பா தெப்பலாக நனைந்து வந்தார். சின்னவன் சாப்பிட்டானா என்று கேட்டுவிட்டுப் பிள்ளைகள் இருந்த அறைக்குப் போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார்.

"அங்க இல்லியே" என்றார்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். பாவாடைப் பையிலிருந்து படத்தை எடுத்துப் பிரித்து, நட்சத்திரத்தைத் தொட்டுக் காட்டினேன். இங்கே, தறிக்குழிக்குள்ளே, பாவுக்கு அடியிலே என்று விளக்கினேன். மனசுக்குள் பாராட்டுக்குத் தயாராக நின்றேன் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அம்மாவின் கையிலிருந்து தட்டு விழுந்தது. எங்களைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் தறிக்காரர்கள். குழி என்ற சொல் காதில் விழுந்ததும் ஒருவர் பின் ஒருவராகத் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்கள். பெயர் எழுதிய ஆபீஸ்காரருக்கும் எனக்கும் மட்டும்தான் ஒன்றும் புரியவில்லை. அவர் என்னிடம் என்னம்மா என்று கேட்டார். எனக்கும் அதே கேள்விதான் இருந்தது.

அப்பா அதற்குள் தெருவில் ஓடிக்கொண்டிருந்தார். பின்னால் அம்மா, அவளுக்குப் பின்னால் நான். வெளியேறிய இடத்துக்குத் திரும்பிப் போகக் கூடாது என்பது விதி. இரண்டு பேரும் விதியை மீறுகிறார்களே என்று நான் ஓடிக்கொண்டே விசில் அடித்தேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. தெருவில் கணுக்கால் அளவுதான் தண்ணீர். இதற்கு ஏன் இவ்வளவு ஓட்டம் என்று நினைத்தேன்.

வீட்டுக் கதவில் பூட்டு தொங்கியது. அம்மாதான் பூட்டிவிட்டு வந்திருந்தாள். இருட்டுக் கூடத்தில் தறியைக் கடந்துதான் வெளியே வந்திருக்கிறாள். தம்பி அம்மாவின் காலடி ஓசையைக் கேட்டிருக்கிறான், பூட்டுப் போடும் சத்தத்தையும் கேட்டிருக்கிறான். விசில் வரவில்லை, ஆகவே அவன் வாயைத் திறக்கவில்லை.

அவசரத்தில் அம்மாவுக்குச் சாவி பூட்டுக்குள் போகவே இல்லை. அப்பா பிடுங்கி அவர் முயன்றார், அவருக்கும் போகவில்லை. நான் கதவோரம் நின்று இரண்டு விசில் அடித்தேன். வெளியே வரச் சொல்லும் விசில்.

உள்ளேயிருந்து மெல்லிசாகக் குரல் வந்தது. "வர முடிலக்கா."

கதவு திறந்தது. கூடத்தின் தரை ஏறக்குறைய காய்ந்துதான் கிடந்தது. குழி மட்டும் விளிம்பை நெருங்கித் ததும்பிக்கொண்டிருந்தது. தம்பி மிதியின் மேல் ஏறி நின்று, கயிறுகளைப் பிடித்துக்கொண்டு, முகத்தை மட்டும் பாவின் அடியில் தூக்கி வைத்திருந்தான். கழுத்து வரைக்கும் தண்ணீர். ஒரு கால் மிதிக்கயிற்றில் சிக்கியிருந்தது. அப்பா பலகைப் பக்கமிருந்து கையைவிட்டு இழுத்தார், கால் வரவில்லை. மேலிருந்து இறங்கித்தான் காலை விடுவிக்க முடியும். குறுக்கே பாவு இருந்தது.

அந்தப் பாவின் மேல் நிழல் விழுந்தால்கூட அப்பாவுக்குப் பிடிக்காது. ஈரக் கையோடு பக்கத்தில் போனால் முறைப்பார். தறியில் செருகியிருந்த சின்னக் கத்தரிக்கோலை எடுத்து, பாவைக் குறுக்கே இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் வெட்டினார். விறைப்பாக நின்ற இழைகள் சரசரவென்று இரண்டு பக்கமும் சுருண்டு போயின. அவர் குழிக்குள் குதித்தார். தண்ணீருக்குள் குனிந்தார். நிமிர்ந்தபோது தம்பி அவர் தோளில் இருந்தான். உதடு நீலம் பாரித்திருந்தது. கையில் ஊறிப்போன பொட்டுக்கடலை.

"ஏன்க்கா இவ்ளோ நேரம் விசில் அடிக்கல?" என்று என்னிடம்தான் கேட்டான்.

ஏரி உடையவில்லை. மிச்சத் தண்ணீர் போகும் கலங்கல் வழியாக வழிந்து சாயங்காலத்துக்குள் அடங்கிவிட்டது. எங்கள் தெருவில் ஒரு கோழிகூடச் சாகவில்லை என்று சொன்னார்கள். ஆபீஸ்காரரின் தாளில் நாங்கள் நாலு பேரும் முன்பே பத்திரமாக இருந்தோம்.

அன்று யாரும் என்னை அடிக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அம்மா தம்பியைப் புடவைக்குள் சுற்றி வைத்துக்கொண்டு என்னையும் இன்னொரு கையால் இழுத்துப் பிடித்தாள். எலும்பு வலிக்கும் அளவுக்கு இறுக்கினாள், கோபமா பாசமா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அப்பா குழியின் விளிம்பில், பலகையில் உட்கார்ந்திருந்தார். வெட்டுப்பட்ட பட்டு இழைகள் அவர் மடியில் கிடந்தன. அவர் அழுதார். அப்பா அழுது நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

ஒரு பாவு அறுந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஆயிரக்கணக்கான இழைகளையும் ஒவ்வொன்றாக முடிச்சுப் போட்டு மறுபடி சேர்க்க வேண்டும், நாள் கணக்கில் ஆகும். நான் மெதுவாக அப்பாவிடம் போனேன். பாவு அறுந்ததற்கு நான்தான் காரணம், மன்னிச்சிடுப்பா, நானும் கூட உட்கார்ந்து முடிச்சுப் போடுகிறேன் என்றேன். அவர் என்னையே பார்த்தார். என் தலையில் கையை வைத்தார்.

சொன்ன சொல் தவறாமல் அடுத்த வாரம் முழுக்க அவர் பக்கத்தில் உட்கார்ந்து இழைகளை எடுத்துக் கொடுத்தேன். ஒவ்வொரு முடிச்சுக்கும் மனசுக்குள் பாவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். தம்பிக்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. அவனைத்தான் நான் பத்திரமான இடத்தில் வைத்திருந்தேனே.