விசாவில் எழுதியிருந்த வேலை

ஓமானில், ரூவி என்ற இடத்தில் ஒரு வங்கிக் கிளையில், கவுண்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த ஓமானியப் பெண்ணின் மருதாணி விரல் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அந்த விரல் என் விசாத் தாளில், அரபியில் அச்சாகியிருந்த ஒரு சொல்லின் மேல் வந்து நின்றது. கணக்குத் தொடங்கப் போயிருந்தேன். அலுவலகம் கொடுத்த கடிதத்தில் நான் செக்ரட்டரி. அவள் கடிதத்தையும் விசாவையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். பிறகு, பின்னால் நிற்பவர்களுக்குக் கேட்டுவிடாமல் குரலைத் தாழ்த்தி, "நீங்கள் கிளீனரா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். ஏழு மாதங்களாக அந்தத் தாளைக் கைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தவள் நான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள், பி.காம். பட்டக்காரி. அப்பாவுக்கு வரும் தபாலை நான் வாசித்துச் சொல்வதுபோல, என் வேலை என்ன என்பதை எனக்கு இன்னொருத்தி வாசித்துச் சொன்னாள். கணக்குத் தொடங்காமலே திரும்பினேன்.

மேனேஜர் சார் திருநெல்வேலிப் பக்கம். கட்டுமானச் சாமான் விற்கும் அந்தக் கம்பெனியில் இருபது வருடமாக இருந்தார். காகிதத்தின் மேல் அவருக்கு இருந்த பக்தியை எந்தக் கோயிலிலும் நான் கண்டதில்லை. டெலிவரி நோட்டில் முத்திரை கொஞ்சம் கோணலாக விழுந்துவிட்டால் போதும், லாரியை வெயிலில் நிறுத்தி வைத்துவிட்டுப் புதுத் தாள் அடிக்கச் சொல்வார். முத்திரையைத் தன் மேஜையில் பூட்டி வைத்திருப்பார். குத்துவதற்கு முன் அதன் மேல் வாயால் ஊதுவார். ஆனால் முத்திரைக்கு மேலே இருக்கும் வாசகம் எதுவும் அவருடையது அல்ல. ஆங்கிலத்தில் சேர்ந்தாற்போல் இரண்டு வரி அவருக்கு ஓடாது. கொட்டேஷன், புகாருக்குப் பதில், ஊருக்குப் போகிற டிரைவருக்கு அனுபவச் சான்றிதழ் என்று எல்லாம் நான் எழுதியது. கீழே அவர் பெயர் இருக்கும்.

விசாவைப் பற்றிக் கேட்டேன். சிரித்தார்.

"அதெல்லாம் ஒரு பேப்பரு தாம்மா. கவர்மெண்ட்டு எந்த வேலைக்குக் கோட்டா குடுக்கோ அதுலதான் ஆள எடுக்க முடியும். ஒன்னயப் பெருக்கவா சொல்லுதோம்? ஏசில ஒக்காந்துதான வேல செய்யுத."

பெருக்கச் சொல்லவில்லை என்பது உண்மை. துடைக்கச் சொன்னார். தொழிலாளர் துறை ஆட்கள் சோதனைக்கு வந்திருக்கிறார்கள் என்று கீழே டீக்கடை சேட்டன் போன் செய்வார். உடனே சார் தன் அறையிலிருந்து ஒரு மஞ்சள் துணியோடு வருவார். "சும்மா கையில வச்சுக்கம்மா. அவங்க போற வரைக்கும் கண்ணாடியத் தொடச்சிட்டு நில்லு. யல்லா, எந்தி." நான் எழுந்து கண்ணாடிக் கதவைத் துடைப்பேன். என் நாற்காலியில் ஸ்டோர் கீப்பர் வந்து உட்கார்ந்து, அணைந்த கம்ப்யூட்டரை முறைத்துக்கொண்டிருப்பார். மூன்று வருடத்தில் நான்கு முறை அப்படி நின்றிருக்கிறேன். நான் மேடையேறியது பிறகு பஹ்ரைனில், மனாமாவில் என்று சொல்கிறார்கள். வேடம் கட்டியது அந்த அலுவலகத்தில்தான்.

கடைசி முறை வந்த அதிகாரி ஒரு ஃபைலைக் கேட்டார். சார் ஒவ்வொரு அலமாரியாகத் திறந்தார். ஏசியிலும் அவர் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. அது எந்தத் தட்டில் இருக்கிறது என்று அந்த அறையில் ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும். அவள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்திருந்தால் விசா, வேலை எல்லாம் அன்றோடு கலாஸ். திறக்கவில்லை. சார்மேல் எனக்கு இருக்கும் இளக்காரத்தில் ஒரு பங்கை அந்த நாளுக்காக எனக்கும் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

அந்த வருடம் தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழாவில் ஒரு சினிமாப் பாட்டுக்கு ஆடினேன். பள்ளி ஆண்டுவிழாவில் ஆடிப் பழகியதுதான், குரு யாரும் கிடையாது. முன்வரிசையில் குடும்பத்தோடு உட்கார்ந்திருந்த சார், "நம்ம ஆபீஸ் பொண்ணாக்கும்" என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சொல்லிச் சொல்லிக் கைதட்டினார். விழா முடிந்ததும் ஒரு அக்கா வந்து பேசினார். பஹ்ரைனில், மனாமாவில் ஒரு ஹோட்டலுக்கு ஆட்டக் குழு நடத்துகிறவர்.

"பொய் சொல்ல மாட்டேன் கண்ணு. குடிக்க வர்றவங்க முன்னாடி ஆடோணும். பாக்குற பார்வை எல்லாம் நல்லதா இருக்காது. ஆனா எவன் மேசைக்கும் போய் உக்காருன்னு சொல்ல மாட்டேன்."

நான் கேட்ட கேள்வி ஒன்றுதான். "விசால என்னன்னு போடுவீங்க?"

அக்கா என்னை வினோதமாகப் பார்த்தார். "ஆடற புள்ளைக்கு வேற என்ன போடுவாங்க? ஆர்ட்டிஸ்ட்டுன்னுதான்."

விசாத் தாள் வந்ததும் அரபி தெரிந்த ஒருவரிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். அதன் பிறகே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டேன்.

ராஜினாமாக் கடிதத்தோடு ஒரே ஒரு வேண்டுகோள் வைத்தேன். மூன்று வருடம் செக்ரட்டரியாக வேலை பார்த்தேன் என்று சான்றிதழ் வேண்டும். ஆட்டம் ஆயுளுக்கும் வராது என்று எனக்குத் தெரியும். அந்தத் தாள் இல்லாவிட்டால் அந்த மூன்று வருடமும் நடக்கவே இல்லை என்றாகிவிடும். சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"விசால என்ன இருக்கோ அதத்தாம்மா எழுத முடியும். நாளைக்கு எவனாச்சும் நோண்டுனா கம்பெனிக்குல்லா பிரச்சன."

கிளீனர், நாணயமானவர், கடின உழைப்பாளி என்று ஒரு தாள் நீட்டினார். முத்திரை நேராகவே விழுந்திருந்தது. அதை அவர் மேஜையிலேயே விட்டுவிட்டேன். எழுந்தபோது கொஞ்சம் புத்தியும் சொன்னார். "படிச்ச புள்ள. ஆடப் போறது நம்ம பொம்பளப் புள்ளைகளுக்கு அழகா, சொல்லு. மானம்னு ஒண்ணு இருக்குல்லா." என் கையில் மஞ்சள் துணியைக் கொடுத்தபோது அந்த மானம் எந்தத் தட்டில் இருந்தது என்று கேட்டிருக்க வேண்டும். அப்போது தோன்றவில்லை.

மனாமா ஹோட்டலில் நாங்கள் செய்வதை நடனம் என்பவர்கள் நடனத்தைப் பார்க்காதவர்கள். ஜிகினா உடுத்தி ஏழு பேர் வரிசையில் நின்று, பாட்டுக்கு ஏற்ப இடுப்பை அசைக்கிறோம். எவனாவது ஒருவனுக்கு ஒருத்தியைப் பிடித்துப்போனால் காசு கட்டுவான், வெயிட்டர் பிளாஸ்டிக் மாலையைக் கொண்டுவந்து அவள் கழுத்தில் போடுவார். மைக்கில் அவன் பெயரைச் சொல்வார்கள். அதற்காகவே வருகிற ஆட்கள் உண்டு, சொந்தப் பெயரை ஒரு முறை சத்தமாகக் கேட்க. போன் திரையில் மனைவி மக்கள் படம் இருப்பதால் போனைக் கவிழ்த்தே வைத்திருப்பார்கள். உருகுகிறவர்கள் தனி ரகம். "படிச்ச பொண்ணு மாதிரி இருக்கீங்களேம்மா, இங்க எப்படி?" என்று ஒருவர் கண் கலங்கினார். "நீங்களும் படிச்சவர் மாதிரிதாண்ணே இருக்கீங்க, நீங்க எப்படி இங்க?" என்றேன். அடுத்த வாரம் வேறு மேஜைக்கு மாறிவிட்டார்.

வீட்டில் மறைக்கவில்லை. அப்பா ஒரு மாதம் பேசவில்லை, பிறகு பேசினார். அம்மா மட்டும் ஊரில் கேட்பவர்களிடம் இன்றும் "ஆபீசு வேல" என்கிறாள். அவள் கையில் இருப்பதும் ஒரு மஞ்சள் துணிதான். அவளுக்காக அந்தப் பொய்யை விட்டுவைத்திருக்கிறேன்.

போன மாதம் ஒரு மதியம், ஒத்திகைக்குக் கிளம்பும்போது சாரிடமிருந்து போன் வந்தது. இரண்டு வருடத்தில் முதல் முறை.

"நல்லாருக்கியாம்மா? அந்த சோஹார் சைட்டுக்குக் கம்பி அனுப்புனோம்லா, அதோட டெஸ்ட் சர்டிபிகேட் ஃபைலு எங்க வச்ச? நாளைக்குக் காட்டலைன்னா கம்பெனிய சப்ளையர் லிஸ்ட்லேந்து தூக்கிருவாங்க."

"நான் கிளீனர் சார். தூசி எங்க இருந்துச்சுன்னு கேளுங்க, சொல்றேன்."

 என்ன வேண்டும் என்று கேட்டார். சொன்னேன்.

"ஆடுத புள்ளைக்கு எதுக்கும்மா ஆபீஸ் சர்டிபிகேட்டு?"

"அதெல்லாம் ஒரு பேப்பர் தானே சார். அனுப்புங்க."

கால் மணி நேரத்தில் சான்றிதழ் வாட்ஸாப்பில் வந்தது. முத்திரை, கையெழுத்து, செக்ரட்டரி, எல்லாம் சரி. இரண்டாவது பத்தியில், மூன்று ஆண்டுகளில் ஒரு விபத்துகூட இல்லாமல் கம்பெனி வண்டியை ஓட்டினார் என்று இருந்தது. டிரைவருக்காக நான் எழுதிய வாசகம். பெயரையும் வேலையையும் மட்டும் மாற்றியிருக்கிறார். என்னைப் பாராட்டக்கூட அவரிடம் என் வரிகள்தான் இருந்தன. மேக்கப் மேஜையில் சாய்ந்து நின்று போனிலேயே சரியாக அடித்து அனுப்பினேன். அவர் அச்செடுத்து, முத்திரை குத்தித் திருப்பி அனுப்பினார். ஒவ்வொரு வரியையும் வாசித்த பிறகு போன் போட்டு, "மூணாவது அலமாரி, கீழ்த்தட்டு, பச்சை ஃபைல்" என்றேன். அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது.

"இருக்கும்மா, இருக்கு," என்றார்.  "நீ திரும்ப வந்துரு தாயி. இந்தத் தடவ செக்ரட்டரின்னே விசா எடுக்கேன்."

மூன்று வருடம் நான் காத்திருந்த சொல் அது. இந்த மேடையை விட்டு ஒருநாள் நிச்சயம் இறங்குவேன். வேறொரு அலுவலகத்துக்கு, அந்தத் தாளோடு போவேன். அவரிடம் அல்ல.

"வேற ஆள் பாருங்க சார். இங்கிலீஷ் நல்லா எழுதுற கிளீனரா பாருங்க."

கோபப்படுவார் என்று நினைத்தேன். 

"ஒனக்குத் தெரிஞ்ச புள்ள யாராச்சும் இருக்காம்மா?" என்று கேட்டார். நிஜமாகவே கேட்டார்.