சத்தத்தைத் தின்னும் ரெசிஸ்டர்

இலங்கை மலையகத்தில் வட்டகொடையிலிருந்து தலவாக்கலை வரை எந்தத் தேயிலைத் தோட்டத்தில் திருவிழா நடந்தாலும் செல்லசாமியின் மைக் செட்தான் கட்டுவார்கள். 1961இல் இராமையா வரும்வரை அப்படித்தான் இருந்தது.

இராமையா தேயிலை ஃபெக்டரியில் மின்சார வேலை பார்த்தவன். பழைய ரேடியோ வால்வுகளைப் பொறுக்கித் தானே ஓர் ஆம்ப்ளிஃபயர் கட்டினான். செல்லசாமியின் செட்டில் பாதிச் சத்தம்கூட அதில் வராது. ஆனால் பாட்டில் ஒரு சொல்லும் உடையாது.

பொறுக்கமாட்டாமல் செல்லசாமி ஒருநாள் போய் அந்த ஆம்ப்ளிஃபயர் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். ஒலிபெருக்கிக் குழாய்க்குப் போகும் மின்சாரத்தில் கொஞ்சத்தை இராமையா ஒரு ரெசிஸ்டர் வழியாக முதல் வால்வுக்கே திருப்பிவிட்டிருந்தான்.

"இது எதுக்குடா? சத்தத்தத் தின்னுருமே!"

"தின்னுட்டுப் போகட்டும்ணே. வால்வு பண்ற கோளாற அதுவே திருத்திக்கிரும். எவ்வளவு திரும்பி வரணும்ங்கிறது இந்த ரெசிஸ்டர் கையிலதான் இருக்கு."

இத்தனை வருடத் தொழிலில் தனக்கு இது தோன்றவில்லையே என்று செல்லசாமிக்கு வயிறு எரிந்தது. வீட்டுக்கு வந்தால் மனைவி மீனம்மா, "அந்தத் தம்பி செட்டுலதாங்க அம்மன் பாட்டு வெளங்குது" என்றாள். சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

மறுமாதம் வட்டகொடைத் திருவிழாவுக்கு இராமையாவைக் கூப்பிட்டார்கள். செல்லசாமியும் போனார். இராமையா குழாய் கட்ட மரத்தில் ஏறியிருந்த நேரத்தில், ரெசிஸ்டரைக் குறட்டால் வெட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

பூரணி என்ற பள்ளிக்கூடப் பிள்ளை பாட வாயைத் திறந்ததும் குழாய் அலறியது. சொற்கள் தகரத்தைக் கிழித்தாற்போல் சிதறின. கூட்டம் காதைப் பொத்தியது. செல்லசாமிக்கு இனித்தது. பூரணி அழுதுகொண்டே மேடையை விட்டு இறங்கியபோது அந்த இனிப்பு தொண்டையில் நின்றுவிட்டது.

பெட்டியைத் திறந்த இராமையா நிமிர்ந்து அவரைப் பார்த்தான்.

"அண்ணே, ஒங்ககிட்ட ரெசிஸ்டர் ஏதும் இருக்குங்களா?"

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். செல்லசாமி பையிலிருந்ததை எடுத்து நீட்டினார். வெட்டுப்பட்ட கம்பி பளபளத்தது. இராமையா அதைத் திருப்பிப் பார்த்தான்.

"இதே அளவுதான்ணே" என்று மட்டும் சொல்லிப் பற்றவைத்தான். பூரணி மறுபடி பாடினாள்.

பிறகு செல்லசாமியும் தன் செட்டில் அப்படியொரு ரெசிஸ்டர் வைத்தார். "இராமையா செட்டு மாதிரியே இருக்குண்ணே" என்று ஆட்கள் மெச்சும்போதெல்லாம் அவர் முகம் சுண்டிப்போகும். இராமையா நடந்ததை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவனோடு மல்லுக்கட்டியாவது ஆறியிருப்பார். வழியில் பார்த்தால் அவன் "அண்ணே" என்று கும்பிடுவான். செல்லசாமி கடைசிவரை அந்தக் கும்பிடை வாங்காமலே எதிர்ப்பக்கம் கடந்து போனார்.