விட்டுப்போன தாய்மாமன்

"கணக்கே வராத உனக்கு எந்த ஆபீஸ்ல ஆத்தா நாற்காலி போட்டு வச்சிருக்காய்ங்க?"

நான் தமிழில் பட்டம் வாங்கிய வாரம் சித்தப்பா இப்படிக் கேட்டார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமே உண்டு. ஆனால் ஒரே கணக்கை மூன்று முறை கூட்டினால் மூன்று விடை வரும். அவரோ ஒரு ஜவுளிக்கடையில் எனக்கு பில் போடும் வேலைக்குச் சொல்லி வைத்திருந்தார்.

"ஒரு மாசம் பொறுங்க சித்தப்பா. வேற வேலை அமையலேன்னா பில் போடப் போறேன்."

பழங்காநத்தத்தில் ஒரு அச்சகத்தில் பிழை பார்க்க ஆள் கேட்டிருந்தார்கள். எழுத்து எவ்வளவு கொடுத்தாலும் பார்க்கிறேன், பில் புத்தகத்தை மட்டும் தொடமாட்டேன் என்று முதலாளியிடம் சொன்னேன். அவரும் "ஒரு மாசம் பாப்போம்" என்றார்.

அங்கே வருவதில் பாதி காதுகுத்துப் பத்திரிகை. எங்கள் வீட்டுக்கு வரும் பத்திரிகைகளை நான்தான் வாசிப்பேன். தேதி எது, மண்டபம் எது என்பதற்கு முன்னால் அப்பா கேட்பது, "நம்ம பேரு எங்கன இருக்கு?" பேர் விட்டுப்போனால் அந்த விசேஷத்துக்குப் போகமாட்டார். அதனால் மற்றவர்கள் ஒற்றெழுத்தும் துணைக்காலும் பார்க்கும்போது நான் ஆளைத் தேடுவேன்.

மூன்றாவது வாரம் அலங்காநல்லூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தம்பதி இளைய பிள்ளையின் காதுகுத்துக்குப் பத்திரிகை அடிக்க வந்தார்கள். கணவர் பெயர்ப் பட்டியலைக் கொடுத்தார். அட்டையைத் தேர்ந்தெடுத்துக்கொண்டே அந்த அக்கா, "சிங்கப்பூர்ல இருந்து என் தம்பி இதுக்குன்னே வாரான்" என்றார்.

மறுநாள் மாதிரிப் பிரதியைப் படித்தேன். தாய்மாமன்கள் என்று இரண்டு பெயர். இரண்டுமே உள்ளூர், சிங்கப்பூர்த் தம்பியைக் காணோம். அச்சடிக்க எல்லாம் தயாராக இருந்தது.

"ஒரு மாமன் குறையுறாகண்ணே" என்றேன்.

முதலாளி கையெடுத்துக் கும்பிட்டார். "பேச்சுவார்த்தை இருக்காது. வேணும்னே விட்டிருப்பாக. நீ கிளறிவிட்டா நம்ம மேல பாய்வாக."

"அந்த அக்கா சிரிச்ச முகமா சொன்னாகண்ணே. பகைன்னா அப்படிப் பேச்சு வராது."

"அப்ப நீயே போன் போடு. ஆர்டர் போச்சுன்னா நாளைக்கு வராத."

போட்டேன். கணவர்தான் எடுத்தார். நான் சொன்னதைக் கேட்டதும், "மூத்த புள்ள பத்திரிகையப் பாத்து எழுதிட்டேன்மா. அப்ப என் மச்சினன் பள்ளிக்கூடத்துல படிச்சுக்கிட்டு இருந்தான், மாமன் வரிசையில சேக்கல" என்றார். "இப்ப அவன் மடியிலதான் புள்ளையவே உக்கார வைக்கப் போறோம்."

முதலாளி என்னைப் பார்த்தார். பிறகு அச்சடிப்பதை நிறுத்தி வைக்கச் சொன்னார்.

மாதம் முடிந்ததும் என் ஸ்டூலை எடுத்துவிட்டு ஒரு நாற்காலி போட்டார்கள். அதைப் படம் எடுத்துச் சித்தப்பாவிடம் காட்டினேன்.

"கை வச்ச நாற்காலியால்ல இருக்கு" என்றார்.

போன மாதம் சென்னைப் பதிப்பகம் ஒன்றுக்குப் பிழை பார்க்கும் வேலை கேட்டு எழுதிப்போட்டேன். சோதனைக்கு ஒரு நாவலின் சில பக்கங்களை அனுப்பினார்கள். எட்டாம் பக்கத்தில் செத்த எருமை இருபதாம் பக்கத்தில் பால் கறக்கிறது. ஓரத்தில் பென்சிலால் அதைக் கேட்டு எழுதி, தல்லாகுளத்தில் திங்கட்கிழமையே ஸ்பீட் போஸ்ட் போட்டுவிட்டேன்.