கண்ணை மூடிப் பறித்த பூ

ரெங்கம்மாவுக்கு வாய் நீளம். பசறைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்து வாசலில் நின்று அவள் மகளைக் கூப்பிட்டால், பல மைல் தாண்டி லுணுகலையில் மேய்கிற மாடு தலையைத் தூக்கிப் பார்க்கும். அந்த வாயால்தான் அவள் அம்மனிடம் மாட்டிக்கொண்டாள்.

மாசி மாதம் அவளுடைய நாலு வயது மகள் புஷ்பத்துக்குக் காய்ச்சல். ஏழு நாள் பிள்ளை கண் திறக்கவில்லை. எட்டாம் நாள் ரெங்கம்மா மாரியம்மன் கோயில் முன்னால் நின்று, லயம் முழுக்கக் கேட்கும்படி, "ஆத்தா, எம் புள்ளைய எழுப்பிவிடு. இந்தத் தோட்டத்து ஆளுக எவர் கண்ணும் படாத பூவைப் பறிச்சு உனக்கு மாலை போடுறேன்" என்று சொல்லிவிட்டாள். அன்று பொழுது சாய்வதற்குள் புஷ்பம் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டது.

பங்குனித் திருவிழா நெருங்கியது. பூவைத்தான் காணோம். எந்தப் பூவைக் கொண்டுவந்து காட்டினாலும் யாராவது ஒருத்தி, "இதா? எங்க ஆட்டுக்கு இதுதான் தீனி" என்றாள். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று அவளுக்குப் பிந்தித்தான் உறைத்தது. தேடிப் போகிற தன் கண்ணும் தோட்டத்து ஆளின் கண்தானே?

கங்காணி பெண்சாதி பாக்கியலெட்சுமி விடுவாளா? "என்ன ரெங்கம்மா, ஆத்தாகிட்ட எந்தப் பூவைச் சொன்ன? அத்திப் பூவையா? வேண்டுதல் பொய்யாப் போனா குடுத்ததை அவ திருப்பி எடுத்துக்கிட்டா என்ன பண்ணுவ?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டாள். அதிலிருந்து ரெங்கம்மா மணிக்கொருதரம் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கத் தொடங்கினாள்.

திருவிழாவுக்கு முதல்நாள் துணி மூட்டையோடு வந்த வெளியூர் வியாபாரி அலவி நானாதான் வழி சொன்னார். "மலைக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளம் இருக்கு புள்ள. ஆள் நடமாட்டமே இல்ல. நேத்து குறுக்கால வந்தேன். சலவைக்காரன் வேட்டி விரிச்ச மாதிரி, பள்ளம் பூராவும் பூ."

"நீங்க பாத்துட்டீங்களே நானா!"

"நான் என்ன, ஒங்க தோட்டத்து ஆளா?"

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, காலைப் பெரட்டு என்கிற ஆள் கணக்கெடுப்பும் இல்லை, மலைக்குப் போகிற வேலையும் இல்லை. விடிந்ததும் ரெங்கம்மா தன் கூட்டாளிகள் இருவரையும் இழுத்துக்கொண்டு கிளம்பினாள். ஒருத்தி பரிமளம், சாவு வீட்டிலும் சிரிப்பை அடக்கத் தெரியாதவள். மற்றவள் பேச்சி, பேய்க்குப் பயப்படாதவள், அட்டைக்கு மட்டும் பயப்படுவாள். மூவர் முதுகிலும் கொழுந்துக் கூடை. மடியில் ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும்.

தேயிலை முடிந்தது. மானாப்புல் தோள் உயரத்துக்கு எழுந்தது. அதற்கும் மேலே மூடுபனி. அதுவோ லேசுப்பட்ட பனி அல்ல. பரிமளம் விளையாட்டாக அதை இரண்டு கையாலும் கொழுந்து ஆய்வதுபோல ஆய்ந்து முதுகுக்குப் பின்னால் போட்டுக்கொண்டே நடந்தாள். மலை முகட்டில் பார்த்தால் கூடை கனத்துவிட்டது. கவிழ்த்தபோது ஒரு குடம் தண்ணீர் கொட்டியது.

முகட்டைத் தாண்டி இறங்க இறங்கச் சத்தங்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. குருவி இல்லை, காற்று இல்லை. பேச்சி, "அக்கா" என்றாள். அந்தச் சொல் பனிக்குள் போய் ஆற அமரச் சுற்றிவிட்டு, பத்தடி நடந்த பிறகுதான் ரெங்கம்மாவின் காதுக்கு வந்தது. காலடியில் பாசி பிடித்த கல் களம் ஒன்று வந்தது. பிறகு கூரையில்லாத ஒரு சுவர். யாருடைய வீடோ, யாருடைய களமோ. அப்புறம் வாசம் வந்தது. மல்லிகை மாதிரி, ஆனால் மல்லிகை இல்லை. நடக்கிறோமா மிதக்கிறோமா என்று மூவருக்கும் தெரியவில்லை.

எதிரே பனி மெல்ல வெளுத்தது. விலகப் போகிறது.

"கண்ணை மூடுங்கடி!" என்று ரெங்கம்மா அலறினாள். "பாத்துட்டா எல்லாம் போச்சு!"

"பாக்காம எப்படி மதினி பறிக்கிறது?" என்றாள் பரிமளம்.

"ஏன்டி, கொழுந்தைப் பாத்தா பறிக்கிற? வாய் கதை பேசுது, கண்ணு கங்காணியைப் பாக்குது, கை தன்பாட்டுக்குப் பறிக்குதுல்ல?"

மூவரும் முந்தானையால் கண்ணைக் கட்டிக்கொண்டு, கையை நீட்டி, வாசத்துக்குள் நடந்தார்கள். கிளைகள் தாமாகவே விரலுக்கு வந்தன. கொஞ்ச நேரம் பறித்த பின் ரெங்கம்மா கூடையைத் தடவிப் பார்த்தாள். எல்லாம் இலை! பழக்கப்பட்ட விரல்கள் பூவை ஒதுக்கிவிட்டு, இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக ஒழுங்காக ஆய்ந்திருந்தன. பரிமளம் சிரித்து உருண்டாள். கூடைகளைக் கொட்டிவிட்டு, "பூவுடி, பூவுடி" என்று விரல்களுக்குச் சொல்லிச் சொல்லி மறுபடி தொடங்கினார்கள்.

கட்டிய துணிக்குள்ளும் வெளிச்சம் ஏறியது. வெயில் விழுந்துவிட்டது.

"அக்கா, ஒரே ஒரு கண்ணை மட்டும் தொறக்கட்டா?" என்றாள் பேச்சி.

ரெங்கம்மாவுக்கும் அந்த ஆசைதான். பத்து வயதிலிருந்து பச்சையைத் தவிர வேறு நிறம் காணாத கண். துணியை ஒரு விரல் உயர்த்தினால் போதும், ஒரு பள்ளம் நிறைய வெள்ளை. அவள் கை துணிவரைக்கும் போயிற்று. கொதித்துக் கிடந்த அந்தச் சின்ன நெற்றி கைக்குள் வந்ததுபோல இருந்தது. கையை இறக்கிக்கொண்டாள்.

"தொறந்த, அந்தக் கண்ணுல அட்டையை விட்டுருவேன்" என்றாள்.

பூவை, இடுப்பில் கட்டியிருந்த நனைந்த படங்குச் சாக்கால் மூடி, பிறகே கண்கட்டை அவிழ்த்து இறங்கி வந்தார்கள். கோயில் பின்புறத்தில் கண்ணை மூடியபடியே ரெங்கம்மா வாழைநாரில் மாலை கட்டி, மறுபடி கூடையில் வைத்துச் சாக்கால் மூடினாள்.

சாயங்காலம் கூட்டம் சேர்ந்தது. பூசாரி மாடசாமி கூடையை வாங்கினார். மூக்கைச் சுருக்கினார். சாக்கைத் திறக்காமல் மறுபடி மோந்து பார்த்தார்.

"தாயி, இது கோப்பிப் பூ" என்றார். "தேயிலை வர்றதுக்கு முந்தி இங்க எல்லாம் கோப்பிதான். பன்னெண்டு வருசம் அந்தப் பள்ளத்துலதான் பழம் ஆஞ்சேன்."

"கேட்டுக்கிட்டீங்களா?" பாக்கியலெட்சுமி முந்திக்கொண்டாள். "பூசாரி மாமா பாத்த பூ!"

ரெங்கம்மா புஷ்பத்தைத் தூக்கி நெஞ்சோடு அணைத்தாள். பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"அவசரப்படாத தாயி. பழம் பாத்தேன்னுதானே சொன்னேன்? பூக்கிறது மூணே நாளு. ஆள் நுழைஞ்சா பூ கொட்டிரும்னு அந்த மூணு நாளும் தொரை எங்களை உள்ள விடமாட்டாரு. லயத்துல படுத்துக்கிட்டு வாசத்தை மட்டும் மோந்துக்கிட்டுக் கெடந்தோம். எங்க கூட்டத்துல அதைப் பாத்தவுக யாருமில்ல."

சொல்லிவிட்டு அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். "ஆத்தா பாக்குற வரைக்கும் யாரும் பாக்கக்கூடாது. எல்லாரும் மூடுங்க!"

இருநூறு பேர் கண்ணை மூடினார்கள். தப்பு அடிப்பவனும் மூடியதால் தாளம் தடுமாறி நின்றுபோனது. மாடசாமி மாலையோடு தடவித் தடவி நடப்பது கேட்டது. முதலில் சூலத்தில் மாட்டியது. பிறகு விளக்கில் இடித்தது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள், பரிமளம்தான். அந்த வாசம் கோயிலை நிறைத்து, வெளியே வழிந்து, லயத்தில் ஓர் அறையும் விடாமல் காம்பிரா காம்பிராவாக நுழைந்தது.

"ஆத்தா பாத்துட்டா" என்றது மாடசாமியின் குரல்.

ரெங்கம்மா கண் திறந்தாள். ஓரங்கள் லேசாகப் பழுப்பேறிய, நட்சத்திரம்போலச் சின்னஞ்சிறு வெள்ளைப் பூக்கள். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். தோளில் புஷ்பம் தூங்கிப்போயிருந்தது.