காது டாக்டர் சொன்ன கேரியர்

1993-இல் திண்டிவனத்தில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தேன். தமிழ் வழி, உயிரியல் பிரிவு. விலங்கியலில் வகுப்பிலேயே நான்தான் முதல். பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. பிறகு நடந்ததைச் சொல்வதற்கு இது தெரிந்திருக்க வேண்டும். மனித உடம்புக்குள் இருப்பது எல்லாம் எனக்குத் தமிழில் தெரியும். காதின் படம் போட்டு, செவிப்பறை, சுத்தி எலும்பு, பட்டடை எலும்பு, அங்கவடி எலும்பு என்று அம்புக்குறி இழுத்துப் பெயர் எழுதுவேன். நெட்டைப் பட்டாணிச் செடியையும் குட்டைப் பட்டாணிச் செடியையும் சேர்த்தால் என்ன முளைக்கும் என்று கட்டம் போட்டுக் காட்டுவேன். ஓங்கு பண்பு, ஒடுங்கு பண்பு, மரபணு எல்லாம் எனக்குப் புரிந்த விஷயங்கள். பரீட்சைக்காக உருப்போட்டவை அல்ல.

மேலே படிக்க வைக்கவில்லை. அடுத்த வருடமே அத்தை மகனுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். கண்டாச்சிபுரம் பக்கத்தில் ஊர். என் அப்பாவின் கூடப் பிறந்த அக்காதான் மாமியார். சொந்த நிலம், மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் கேப்பையும் போடுவார்கள். "வெளியில குடுத்துட்டு யாரு போய் கெஞ்சிக்கினு நிக்கிறது? எந் தம்பி வூட்டுப் பொண்ணு எங்க வூட்டுக்கே வரட்டும்" என்று அத்தை சொன்னார். அப்பாவும் சரி என்றார். என்னிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் மறுத்திருக்க மாட்டேன். சின்ன வயதிலிருந்து பார்த்த முகம், அதிர்ந்து பேசாத மனிதர்.

மகள் பிறந்தாள். நன்றாகத் தவழ்ந்தாள், நடந்தாள், முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். பேச்சு மட்டும் வரவில்லை. "சில பிள்ளைங்க லேட்டாத்தான் பேசும்" என்றார்கள். ஒருநாள் களத்தில் காயப்போட்ட மல்லாட்டையைப் பொறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பின்னால் டிராக்டர் திரும்பியது. ஓட்டியவர் ஹாரனை விடாமல் அழுத்தினார். களத்தில் இருந்த ஆடுகள் எல்லாம் சிதறி ஓடின. என் மகள் ஒரு மல்லாட்டையை எடுத்து உரித்துக்கொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் ஓடிப்போய்த் தூக்கினேன். அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது.

விழுப்புரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குச் சனிக்கிழமைகளில் மட்டும் வெளியூரிலிருந்து ஒரு காது டாக்டர் வருவார். போனால் மத்தியானத்துக்கு மேல்தான் கூப்பிடுவார்கள் என்று சொல்லியிருந்தார்கள். அதனால் கேரியரில் சோறும் குழம்பும் எடுத்துக்கொண்டு, நானும் அவரும் குழந்தையோடு போனோம்.

டாக்டரோடு பயிற்சியில் இருந்த இரண்டு இளம் டாக்டர்கள் நின்றார்கள், ஒரு பெண்ணும் ஒரு ஆணும். குழந்தையின் காதில் எதையோ மாட்டிச் சோதித்தார்கள். பிறகு டாக்டர் எங்களைப் பார்த்து, "சொந்தமா?" என்றார்.

"ஆமாங்க சார். எங்க அத்தை பையன்."

அவர் அந்த இரண்டு பேர் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் பேச ஆரம்பித்தார். என் குழந்தையைப் பற்றி, என் கண் முன்னால், எனக்குப் புரியாமல். கன்சாங் என்று தொடங்கும் ஒரு நீளமான சொல் வந்தது. காக்ளியா வந்தது. ரிசெஸிவ் வந்தது. இதை மட்டும் இரண்டு மூன்று தடவை சொன்னார். கடைசியில் என்னையும் என் வீட்டுக்காரரையும் கையால் காட்டி, "போத் ஆர் கேரியர்ஸ்" என்றார்.

என் காலடியில் வைத்திருந்த சாப்பாட்டுக் கேரியர் வழியில் இருப்பதைத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். சட்டென்று எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "சாரி சார், சாப்பாடு" என்றேன்.

அந்தப் பெண் டாக்டர் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த ஆண் டாக்டர் வாய்விட்டே சிரித்தான். பெரியவரும் சிரித்தார். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் என் வீட்டுக்காரரும் மரியாதைக்கு லேசாகச் சிரித்தார். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு எரிகிறது.

"குழந்தைக்கு என்ன சார்?" என்று கேட்டேன்.

"நரம்பு வீக். பிறவியிலேயே. சொந்தத்துல கல்யாணம் பண்ணியிருக்கீங்கல்ல, அதான். மிஷின் வெச்சு, பேச டிரெய்னிங் குடுக்கலாம்."

"சொந்தத்துல கட்டினா எப்பிடி சார் இது வரும்?"

"அதெல்லாம் சொன்னா உனக்குப் புரியாதும்மா" என்று அடுத்த ஆளைக் கூப்பிடச் சொல்லிவிட்டார்.

எனக்குப் புரியாதாம். மரபணுவில் கேட்ட கேள்விக்கு ஒரு மதிப்பெண்கூடக் குறையாமல் வாங்கியவள் நான். ஒரே ஒரு வாக்கியம் தமிழில் சொல்லியிருந்தால் மீதியை நானே சொல்லியிருப்பேன். அந்த மனிதருக்கும் தமிழ்தான் தாய்மொழி. மிஷினை மாட்டு, மருந்தைக் கொடு, கட்டணத்தைக் கட்டு என்பதற்கெல்லாம் அவரிடம் தமிழ் இருந்தது. என் குழந்தைக்கு ஏன் காது கேட்கவில்லை என்பதற்கு மட்டும் இல்லாமல் போனது.

வீட்டுக்கு வந்தோம். "சொந்தத்துல கட்டுனதாலயாம்" என்று அவர் தன் அம்மாவிடம் சொன்னார். அத்தை ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. "ஊர்ல எவன் சொந்தத்துல கட்டல? எங்க வம்சத்துல யாருக்கும் காது போனதில்ல. இவ வயித்துல கோளாறு. அவ அம்மா வழியில வந்திருக்கும்" என்றார். என் அம்மா என்ன பாவம் செய்தாள்? அன்றிலிருந்து அந்த வீட்டில் அதுதான் தீர்ப்பு. வந்தவர் போனவரிடம் எல்லாம் சொன்னார்கள். என் வீட்டுக்காரர் வாயைத் திறக்கவில்லை.

மகளுக்குப் பேச்சுப் பயிற்சிக்காக வாராவாரம் விழுப்புரம் போனேன். ஒரு தடவை பஸ் ஸ்டாண்டில் என் பள்ளித் தோழியைப் பார்த்தேன். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள். நர்சிங் முடித்து வேலையில் இருந்தாள். மகள் காதில் இருந்த மிஷினைப் பார்த்துவிட்டு விசாரித்தாள். நடந்ததை எல்லாம் சொன்னேன். கேரியரை மடியில் வைத்ததையும் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"கேரியர்னு அவரு சொன்னது உங்க ரெண்டு பேரையும்டி" என்றாள். "ஒரு கொறைய உள்ள சொமந்துக்கினு இருக்கிறவங்க. ஆனா வெளிய தெரியாது. ரிசெஸிவ்னா வேற ஒண்ணும் இல்ல, ஒடுங்கு பண்பு. பட்டாணி செடிக்குக் கட்டம் போட்டோமே, அதேதான்."

"அப்ப அந்த கன்சாங்...?"

"ரத்த சொந்தத்துல கட்டிக்கிறது. அவ்ளோதான். நானும் இதுக்காக அழுதிருக்கேன்டி. நர்சிங் மொத வருஷம் கல்லீரல்னு எழுதினேன், அடிச்சிட்டாங்க. லிவர்னு எழுதணுமாம். மண்ணீரல், கணையம், பெருந்தமனி, எல்லாம் தெரியும் எனக்கு. ஒண்ணுமே தெரியாதவ மாதிரி மறுபடியும் மொதல்லேர்ந்து மனப்பாடம் பண்ணேன். ரெண்டு தடவ பெட்டிய கட்டிக்கினு ஊருக்கு கெளம்பிட்டேன்."

அங்கேயே, பஸ் ஸ்டாண்ட் பெஞ்சில் உட்கார்ந்தபடியே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அத்தையைப் பெற்றவர்களும் என் அப்பாவைப் பெற்றவர்களும் ஒரே தம்பதிதான். அவர்களில் யாரோ ஒருவரிடம் அந்த ஒடுங்கு பண்பு இருந்திருக்கிறது. அத்தை வழியாக என் வீட்டுக்காரருக்கு ஒன்று வந்தது. என் அப்பா வழியாக எனக்கு ஒன்று வந்தது. ஒன்று மட்டும் இருந்தால் காது கேட்கும், எங்களுக்குக் கேட்டது. இரண்டும் ஒரே குழந்தையிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. என் அம்மாவுக்கு இதில் சம்பந்தமே இருக்க வேண்டியதில்லை.

அன்று சாயங்காலமே அத்தையை உட்கார வைத்துச் சொன்னேன். கோபமாகத் தொடங்கக் கூடாது என்று மெதுவாகத்தான் தொடங்கினேன். "அத்தை, இது அவருகிட்டயும் பாதி இருக்குது, எங்கிட்டயும் பாதி இருக்குது. அவருக்கு உங்ககிட்டேர்ந்துதான் வந்திருக்கும்."

அத்தை எழுந்துவிட்டார். "எனக்கா? எனக்கா கோளாறு? ஆறு புள்ள பெத்தேன், ஒண்ணுக்காவது காது போச்சா? பாத்தியாடா, உம் பொண்டாட்டி என் வயித்தையே கொற சொல்றா!"

அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். ராத்திரி என்னிடம், "நீ சொல்றது சரியாத்தான் தெரியுது" என்றார். "இத அங்க சொல்றதுக்கு இன்னா?" என்று கேட்டேன். "அம்மாகிட்ட எதுக்கு பேஜாரு" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார். டாக்டர் மேல் வந்ததைவிட அவர்மேல் எனக்கு அதிகக் கோபம் வந்தது. இன்னொரு குழந்தை வேண்டாம் என்று நாங்கள் இருவரும் சேர்ந்துதான் முடிவு செய்தோம். அந்தப் பழியும் என் தலையில்தான் விழுந்தது.

சில வருடங்கள் கழித்து, அத்தை தன் கடைசி மகளை என் தம்பிக்குக் கட்டிவைக்கப் பேச்செடுத்தார். நான் திண்டிவனத்துக்கே போய் அப்பாவிடம் வேண்டாம் என்றேன். கட்டம் போட்டுக் காட்டினேன். அப்பா பொறுமையாகப் பார்த்தார். "கட்டாயம் வரும்னு சொல்றியா?" என்று கேட்டார்.

"கட்டாயம் இல்லப்பா. வரலாம். ரெண்டு பேருகிட்டயும் அது இருந்தா, ஒவ்வொரு கொழந்தைக்கும் நாலுல ஒரு பங்கு வாய்ப்பு."

"வரலாம், வராமலும் போவலாம். இதுக்குப் போயி அக்காகிட்ட உறவ முறிச்சிக்க சொல்றியா?"

அத்தைக்கு விஷயம் தெரிந்தது. "தான் கெட்டது போதாதுன்னு எம் பொண்ணு வாழ்க்கையையும் கெடுக்கப் பாக்கறா" என்று ஊர் முழுக்கச் சொன்னார். கல்யாணம் நடந்தது. நானே முன்னால் நின்று ஆரத்தி எடுத்தேன்.

தம்பிக்கு ஆண் குழந்தை பிறந்தது. சில மாதம் ஆனதும் அத்தையும் நானும் சொந்தக்காரர்களோடு திண்டிவனம் போய்ப் பார்த்தோம். யாருக்கும் தெரியாமல் தொட்டிலுக்குப் பின்னால் நின்று கைதட்டினேன். குழந்தை திரும்பிப் பார்த்தது. எனக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்துவிட்டது. சத்தியமாகச் சந்தோஷம்தான். கண்ணைத் துடைப்பதற்குள் பின்னாலிருந்து அத்தையின் குரல்.

"பாத்தியா? அதே சொந்தம், அதே ரத்தம். எம் பேரனுக்கு நல்லா கேக்குதுல்ல? அப்ப கோளாறு யாருகிட்ட?"

வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அத்தையின் மகளிடமோ என் தம்பியிடமோ அந்தப் பண்பு இல்லாமலே இருந்திருக்கலாம், இருந்தாலும் நாலில் மூன்று பங்கு தப்பிக்கத்தான் வாய்ப்பு என்று அந்தக் கூட்டத்தில் எப்படிச் சொல்வது? சொன்னால், அந்தக் குழந்தைக்குக் கேட்கிறதே என்று நான் வயிறு எரிவதாக ஆகும். வெளியே வந்தேன். அடுத்த குழந்தைக்கும் நன்றாகக் கேட்டது. என் குற்றம் இரண்டாவது தடவையும் உறுதியானது.

என் மகள் வளர்ந்தாள். காது கேளாதோர் பள்ளியில் படித்து, கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு, விழுப்புரத்தில் ஒரு அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். மிஷினோடும், எதிரில் இருப்பவரின் உதட்டைப் பார்த்தும் பேச்சைப் புரிந்துகொள்வாள். அவள் பேச்சு புதியவர்களுக்குக் கொஞ்சம் சிரமம், பழகியவர்களுக்குத் தெளிவு.

2016 வாக்கில் அத்தைக்கு உதிரப்போக்கு நிற்காமல் விழுப்புரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வார்டுக்கு வந்த டாக்டர், நர்சிடம் யூட்ரஸ், ஓவரி, பயாப்ஸி என்று சொல்லிக்கொண்டே போய்விட்டார். அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார். "இன்னாடி சொல்லிக்கினு போறாரு? எதை எடுக்கப் போறாங்களாம்?" அவர் கண்ணில் இருந்த பயம் எனக்குத் தெரிந்த பயம். நர்சைத் தேடிப் பிடித்துத் தமிழில் கேட்டுக்கொண்டு வந்தேன். "கருப்பையை எடுக்கணுமாம் அத்தை. பக்கத்துல ரெண்டு பக்கமும் சினைப்பை இருக்கும், அதையும் சேத்து. சதையில கொஞ்சம் எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்புவாங்க" என்று சொன்னேன். அப்புறமும் நர்சிடம் கேட்டுக் கேட்டு, தினமும் சொன்னேன். எனக்கு யாரும் சொல்லாததை நான் அவருக்குச் சொன்னேன். சொல்லும்போதும் கோபம் எனக்குள் இருந்தது. அதை நான் மறைக்கப் போவதில்லை.

ஆபரேஷன் முடிந்து தேறிவந்தார். ஒருநாள் என் மகள் வேலை முடிந்து பார்க்க வந்திருந்தாள். பக்கத்துப் படுக்கை அம்மா, "பொண்ணுக்குக் காது கேக்காதா?" என்றார். அத்தை வழக்கம்போல, "அது அவ அம்மா வழி..." என்று தொடங்கினார். காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் தலையைத் தூக்கினார்.

"அப்பிடி இல்லம்மா. எங்கிட்டேர்ந்தும்தான் வந்துது. உங்கிட்டேர்ந்து எனக்கு வந்துது."

அத்தை சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்குக் கண் கலங்கவில்லை. பதினைந்து வருடத்துக்கு மேல் எங்கே போயிருந்தது இந்த வாய் என்றுதான் தோன்றியது.

மகள் எங்கள் மூவரின் உதடுகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன பேச்சு என்று என்னிடம் கேட்டாள். அவளை வராந்தாவுக்குக் கூட்டிப்போய், முதன்முதலாக முழுவதையும் சொன்னேன். டாக்டரில் தொடங்கி தம்பி குழந்தை வரைக்கும். அவள் எனக்காகக் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டாள். ஆனால் அது எனக்காக இல்லை.

"கோளாறு, கோளாறுன்னு இவ்ளோ வருஷமா சண்ட போட்டது என்னப் பத்தியா? நானா கோளாறு?" என்றாள். அவள் குரல் ஏறிவிட்டது, போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "யாருகிட்டேர்ந்து வந்துதுன்னு எல்லாரும் பாத்தீங்க. வந்தது நான்தானே? அத யாராவது பாத்தீங்களா?"

அவள் மிஷினைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, படியிறங்கிப் போனாள். நான் பின்னாலிருந்து கூப்பிட்டேன். பிறகுதான் நினைவு வந்து ஓடினேன். பஸ் ஸ்டாப்பில் அவளைப் பிடித்து எதிரில் போய் நின்றேன். பஸ் வரும்வரை அவள் என் உதட்டைப் பார்க்கவில்லை.